இரண்டு ஊற்றுகளும் செல்பேசிக் கட்டணமும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பொருளை இரண்டு மூன்று நிறுவனங்கள் மட்டுமே விற்கும் சந்தையைச் சில்லோர் முற்றுரிமை என்கிறோம். அங்கே விலை எப்படி உருவாகிறது என்பதைக் கணக்காக எழுதிக் காட்டிய முன்னோடி, பிரெஞ்சு அறிஞர் கூர்னோ; ஆண்டு 1838.

அவர் எடுத்துக்கொண்டது, செலவின்றி நீர் சுரக்கும் இரண்டு தாதுநீர் ஊற்றுகளை. குடம் 12 ரூபாய் என்றால் வாங்க ஆளில்லை. ஒரு ரூபாய் குறையக் குறைய ஒரு குடம் கூடுதலாக விற்கும் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் இருவரும் பேசிவைத்து ஆளுக்கு 3 குடம் விற்றால் விலை 6 ரூபாய், வரவு ஆளுக்கு 18 ரூபாய். ஆனால் மற்றவர் 3 குடத்தோடு நிற்பார் என்று நம்பி ஒருவர் நாலரைக் குடம் இறக்கினால், விலை நாலரை ரூபாயாகச் சரிந்தாலும் அவர் கையில் 20 ரூபாய் 25 காசு சேரும். இந்த ஆசை இருவருக்கும் உண்டு என்பதால் அந்தப் பேச்சு நிலைக்காது. ஆளுக்கு 4 குடம், விலை 4 ரூபாய், வரவு 16 ரூபாய் என்ற இடத்தில்தான் இருவரும் நிற்பார்கள். அங்கிருந்து தனியே விலகுபவருக்கு நட்டம்.

1883இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்த்ராண்ட் இதை மறுத்தார். விற்பவர்கள் முடிவு செய்வது அளவையல்ல, விலையை. ஒரு காசு குறைத்தவரிடம் வாடிக்கையாளர் முழுவதும் போய்விடுவதால், இருவரே இருந்தாலும் விலை செலவின் அளவுக்கு இறங்கிவிடும் என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி என்பதைவிட, எந்தச் சூழலுக்கு எது பொருந்தும் என்பதே பயனுள்ள கேள்வி. 1983இல் பொருளியல் அறிஞர்கள் கிரெப்ஸும் ஷைன்க்மனும் காட்டிய விடை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் கொள்திறனை, அதாவது அதிகபட்சம் எவ்வளவு விற்க முடியும் என்ற அளவை, அமைத்துவிட்டுப் பிறகு விலையில் மோதினால், சில நிபந்தனைகளின் கீழ், கூர்னோ சொன்ன விலையே வரும். விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுக்கலாம். ஆனால் வந்தவருக்கு ஊற்ற நீர் வேண்டுமே.

நம் நாட்டுச் செல்பேசிச் சந்தையை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ நுழைந்தபோது, புதிய வலையமைப்பில் இடம் தாராளமாக இருந்தது; இன்னொரு அழைப்பை ஏற்க ஆகும் கூடுதல் செலவோ மிகச் சிறியது. அழைப்புகள் இலவசமாயின, பெர்த்ராண்ட் சொன்னதற்கு அருகில் வந்தது விலை. 2018இல், தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல் நொடித்தது. அதே ஆண்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. எஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் 2019 டிசம்பரிலும் 2024 ஜூலையிலும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின.

ஒரே நேரத்தில் விலை ஏறியதை மட்டும் வைத்து, கூடிப்பேசினார்கள் என்று சொல்லிவிட முடியாது. மற்றவர் என்ன செய்வார் என்று கணித்து நடப்பதே இத்தகைய சந்தையின் இயல்பு. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுப்பது உடன்பாட்டை. ஆகையால் நாம் கவலைப்பட வேண்டியது விற்பவர்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான். அதே ஊற்றுக் கணக்கில் மூன்றாமவர் வந்தால் விலை 3 ரூபாய். நான்காமவரும் வந்தால் 2 ரூபாய் 40 காசு.