கவலை நம்முடையது, அதற்கு முகம் ஒட்டியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலை உறவுகளே, வணக்கம்.

குடியேறி வருபவர்களைப் பற்றிய பயத்தை வளர்ப்பது மக்களின் அனுபவமா, அரசியல்வாதிகளின் பேச்சா என்பது இன்றைய தலைப்பு. பேச்சுத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார்: "கந்தளாயையும் அல்லையையும் பார்த்த திருகோணமலைக்காரன் குடியேற்றத்துக்குப் பயப்படக் கூடாதா?" சபை கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அங்கே நடந்தது அரசாங்கம் வரைபடம் விரித்து, காணி பிரித்து, வாய்க்கால் வெட்டி, ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய வேலை. அதை அரசாங்கத்திடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நாம் இன்று பேசுவது எந்த அரசின் துணையும் இல்லாமல், உயிருக்குப் பயந்தோ பிழைப்புத் தேடியோ வள்ளம் ஏறுகிறவர்களைப் பற்றி. இரண்டுக்கும் தமிழில் குடியேற்றம் என்று ஒரே சொல் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது, தம்பி.

சரி, பயம் எப்படி உண்டாகிறது? 2001 ஒக்டோபர், அவுஸ்திரேலியா. தேர்தல் அறிவித்து இரண்டு நாள்தான். கடற்படை மறித்த வள்ளம் ஒன்றில் வந்த அகதிகள் தங்கள் பிள்ளைகளையே கடலில் எறிந்தார்கள் என்று குடிவரவு அமைச்சர் சொன்னார். பிரதமர் ஜோன் ஹவார்ட் அதையே திரும்பச் சொன்னார். தண்ணீரில் தத்தளிப்பவர்களின் படங்கள் சான்றாக வெளிவந்தன. பெற்ற பிள்ளையை எறிகிறவன் நம் பக்கத்து வீட்டுக்கு வருவதா என்று யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? ஆனால் அந்தப் படங்கள் மறுநாள் எடுத்தவை. வள்ளம் மூழ்கியபோது கடற்படையினர் அவர்களைக் காப்பாற்றிய படங்கள். எறிந்ததற்குச் சான்றில்லை என்று படைத்தரப்பிலிருந்து மேலே தகவல் போயும், நவம்பர் 10 வாக்களிப்பு முடியும்வரை அரசு அதை மக்களுக்குச் சொல்லவில்லை. ஹவார்ட் வென்றார். எறியப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று செனட் குழு சொன்னபோது 2002 ஆகிவிட்டது. வாக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த வள்ளத்தைக் கண்ணால் கண்டார்கள்? எதிரணி சொல்லும் அனுபவம் இதில் எங்கே இருக்கிறது?

2024இல் டொனால்ட் ட்ரம்ப், ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹெயிட்டிக்காரர்கள் அடுத்தவர் வளர்க்கும் நாய்களைத் தின்கிறார்கள் என்று தொலைக்காட்சி விவாதத்தில் சொன்னார். அதற்குச் சான்றே இல்லை என்றது அந்த நகர நிர்வாகம். அந்த வாரமே அவ்வூர்ப் பாடசாலைகளுக்குக் குண்டு மிரட்டல் வந்து பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

வாடகை ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் வரிசை நீள்கிறது, மகனுக்கு வேலை இல்லை என்று எதிரணி அடுக்கியது. இந்தக் கவலைகள் உண்மை. நான் மறுக்கவில்லை. வீடு கட்டித் தராதவர், வைத்தியரை நியமிக்காதவர் மேடையேறி அந்தக் கவலைக்கு ஒரு முகத்தை ஒட்டிவிடுகிறார். ஒட்டிய பிறகு வாடகையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் அந்த முகத்துக்குப் பெயரே வைத்தார்கள்: கள்ளத்தோணி. இந்தியாவிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்த மலையக மக்கள், 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. கள்ளத்தோணி என்ற அந்தச் சொல்லை நம் வாய்களும்தான் சொல்லின. நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அந்த முகம் நம்முடையதே ஆனது. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் கனடாவுக்குப் போனபோது, கப்பல் கரை சேருமுன்பே அதில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்று அந்நாட்டு அமைச்சர் பேசினார். அதில் கைக்குழந்தைகளோடு தாய்மார் இருந்தார்கள்.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்த, மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நமது துறைமுகத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். செய்தி வந்த அன்று மாலை எங்கள் தெரு அக்கா ஒருவர் பேரப்பிள்ளைகளின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் அறுந்த ஒன்றுக்குப் படியில் உட்கார்ந்து பொத்தான் தைத்தார். 1990இல் கைப்பிள்ளையோடு வள்ளம் ஏறி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர் அவர். இவ்வளவும் யாருக்கு அக்கா என்று கேட்டேன். "மண்டபத்தில என்ர பிள்ளை போட்டதும் யாரோ ஒரு மனுசி தந்த சட்டைதான் தம்பி" என்றார். உரப்பையில் மடித்து அடுக்கி, வாயைக் கட்டி, என் சைக்கிளில் ஏற்றிவிட்டார்.

நடுவர் அவர்களே, அனுபவம் என்று எதிரணி சொல்வதை நான் அந்தப் படியில் பார்த்தேன். நன்றி, வணக்கம்.