துள்ளாத திமிங்கலம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போனவர்கள் சுற்றுலாப் படகுக்காரரின் விளம்பரப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். பென்னம்பெரிய திமிங்கலம் ஒன்று தண்ணீரை விட்டு முழு உடம்போடு கிளம்பி, நீளமான இரண்டு துடுப்பையும் விரித்தபடி வானத்தில் நிற்கும். நல்ல படம்தான். ஆனால் படத்தில் இருப்பது கூன்முதுகுத் திமிங்கலம். எங்கள் கடலில் விடியப்புறம் படகேறிப் போகிறவர் பெரும்பாலும் காண்பது நீலத் திமிங்கலம். அது துள்ளுவது மிக மிக அரிது.

பலகை கீறியவரை நான் குறை சொல்லவில்லை. துள்ளுகிற படம்தான் ஆளைக் கூப்பிடும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் படகோட்டியைப் படுத்துகிற பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். அப்படிப் படுத்தியவர்களில் என் வீட்டுப் பிள்ளையும் ஒருத்தி.

பிரிஸ்பேனில் இருக்கும் என் தங்கையின் பேத்தி அவள். ஒன்பது வயது. 2023 ஜூலையில் குடும்பமாக ஊருக்கு வந்திருந்தார்கள். வந்த அன்றே, "தாத்தா, இங்க வேல் இருக்குதாமே, எப்ப போறம்?" என்று பிடித்துக்கொண்டாள். வேல் என்றால் முருகன் வேல் இல்லை, ஆங்கிலத்தில் திமிங்கலம். அவளுக்குத் திமிங்கலம் புதிதில்லை, அவர்கள் நாட்டில் ஏற்கெனவே கண்டவள். அதுதான் பிரச்சினையும் ஆனது.

எங்கள் பக்கத்துப் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்றுக் காலம் முடிந்து, மே மாதத்திலிருந்து ஓகஸ்ட், செப்ரெம்பர் வரை இந்தக் கரைக்கு முன்னால் கடல் விடியற்காலையில் குளம் மாதிரிக் கிடக்கும். மத்தியானம் ஆக ஆகக் கச்சான் பலக்கும். அதனால்தான் ஐந்தரைக்கே படகு ஏற வேண்டும் என்கிறார்கள். காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர், நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். படகில் போகிறவர்கள் இரண்டாவதை மட்டும் நம்பிக் கொண்டு போகலாம். வயிறு குமட்டுகிறவர்களுக்கு ஒரு துண்டு இஞ்சியும் நல்லது.

படகோட்டி என்னிடம் விஞ்ஞானம் படித்த பையன். இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டான், எனக்குப் பையன்தான். பைபர் படகு, பின்னால் ஒரு எஞ்சின், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. உப்புவெளியில் இருந்து புறப்பட்டுக் கிழக்கே போனோம். கோணேசர் கோயில் மலை பின்னால் சின்னதாகிக்கொண்டு போனது.

எங்கள் கடலில் திமிங்கலம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்குக் காரணம் கடலின் அடியில் இருக்கிறது. மகாவலி கங்கை மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது அல்லவா? அந்தக் குடாவிலிருந்து கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, போகப் போக 3000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. வேறு பல ஊர்களில் ஆழக்கடலைப் பார்க்க வெகுதூரம் கப்பலில் போக வேண்டும். இங்கே ஆழம் வாசலுக்கு வந்து நிற்கிறது. அதனால் சில நாட்களில் கோணேசர் கோயிலுக்குக் கும்பிடப் போகிறவர்களே மதிலோரத்தில் நின்று திமிங்கலம் ஊதுவதைக் கண்டுவிடுகிறார்கள்.

சரி, படகுக்கு வருவோம். ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. டொல்பின் கூட்டம் ஒன்று மட்டும் சுழன்று சுழன்று பாய்ந்து போனது. பிள்ளை அதைக் கண்டு கைதட்டிவிட்டு, "வேல் எங்க?" என்றாள். பையன் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றபடி நாலு பக்கமும் பார்த்தான். அப்புறம் கையை நீட்டி, "சேர், அங்க ஊதுது" என்றான்.

தூரத்தில் வெள்ளையாக ஒரு தூண். பனைமரத்தில் முக்கால்வாசி உயரம் இருக்கும், எழும்பி, கலைந்து போயிற்று. பள்ளிக்கூடத்தில் பலர் சொன்ன பிழை ஒன்றை இங்கே திருத்திவிடுகிறேன்: திமிங்கலம் குடித்த தண்ணீரைப் பீச்சுவதில்லை. அது மூச்சு. நெஞ்சுக்குள் அடக்கி வைத்த சூடான காற்று வெளியே வந்ததும் அதிலுள்ள நீராவி குளிர்ந்து சின்னத் துளிகளாகிப் பளிச்சென்று தெரிகிறது. நீலத் திமிங்கலத்தின் மூச்சு ஒடுங்கி நேராக ஒன்பது மீற்றருக்கு மேலும் போகும். கூன்முதுகின் மூச்சு உயரம் குறைவு, புதர் மாதிரிப் பரந்திருக்கும். ஸ்பேர்ம் திமிங்கலத்துக்கு மூக்குத் துவாரம் தலையின் இடது பக்கம், அதனால் அதன் மூச்சு முன்னால் சரிந்து போகும். திமிங்கலத்தைப் பார்க்காமலே மூச்சை வைத்து ஆளைச் சொல்லலாம். பையன் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் படிப்பித்திருந்தாலும் அவன் அன்றைக்கு வகுப்புக்கு வந்திருக்க மாட்டான்.

தூணுக்குப் பிறகு முதுகு வந்தது. அந்த முதுகைப் பற்றி என்ன சொல்ல? ரயில் கடவையில் நின்று சாமான் ரயில் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? முடிந்தது, முடிந்தது என்று நினைக்க இன்னும் பெட்டி வந்துகொண்டே இருக்கும். சாம்பல் கலந்த நீல முதுகு அப்படி உருண்டு உருண்டு போனது. கடைசியில், வாலுக்குக் கிட்ட, இவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாமல் சின்ன ஒரு முள்துடுப்பு. எங்கள் பக்கத்து நீலத் திமிங்கலம் 24 மீற்றர் வரை வளரும். எங்கள் படகைப் போல மூன்று படகை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினாலும் போதாது.

நான் மூச்சை விட மறந்து நின்றேன். பக்கத்தில் சின்னக் குரல்: "எப்ப துள்ளும்?"

"இது துள்ளாது பிள்ளை" என்றான் பையன்.

"அங்க துள்ளுமே!"

அங்கே துள்ளும், உண்மைதான். 2019 ஓகஸ்டில் தங்கையிடம் போயிருந்தபோது குவீன்ஸ்லாந்தின் ஏர்லி பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விட்சண்டே தீவுகளுக்கு இடையில், பவளப் பாறைத் தொடருக்கு உள்ளே, இளஞ்சூடான கடல். கூன்முதுகுத் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் தென்துருவப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீந்தி அங்கே வருவது பிள்ளை பெறவும் துணை தேடவும். சாப்பாட்டுக்கு இல்லை. தாய் அங்கே கிட்டத்தட்டப் பட்டினி, தென்கடலில் சேர்த்த கொழுப்பை உருக்கித்தான் குட்டிக்குப் பால். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். குட்டியோடு இருந்தால் படகு 300 மீற்றர் தள்ளி நிற்க வேண்டுமாம். தாய் ஓய்வாகக் கிடந்தது. குட்டிதான் சும்மா இருக்கவில்லை, துள்ளித் துள்ளி விழுந்தது. பிறகு தாயும் ஒரு தரம் எழும்பியது பாருங்கள், முப்பது தொன் உடம்பு! விழுந்த சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் காதுக்கு வந்தது. நானும் கத்தினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அந்தக் கரையில் ஒரு காலத்தில் அவற்றை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1963இல் தென்பாதிக் கடல்களில் கூன்முதுகை வேட்டையாடத் தடை வந்தபோது கிழக்கு அவுஸ்திரேலியக் கரையோரம் மிஞ்சியது சில நூறுதான். இன்று இருபதினாயிரத்துக்கும் மேல். 2022இல் அவுஸ்திரேலியா அதை ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

ஆக, அது கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வந்த கூட்டம். கலியாண வீட்டில் ஆட்டம் பாட்டம் இருக்கத்தானே செய்யும்? ஆண்கள் பாடவும் செய்யும், ஒரு பாட்டு இருபது நிமிடம் வரை போகும். எங்கள் நீலத் திமிங்கலம் ஊர்க்காரர். துருவத்துக்குப் போய் வருகிற வழக்கம் இல்லாமல் ஆண்டு முழுவதும் இந்துசமுத்திரத்தின் வடபகுதியிலேயே சுற்றுகிறது. இங்கே அது வேலையில் இருக்கிறது. நீலத் திமிங்கலம் என்றால் சாப்பிடக் குளிர்கடலுக்குப் போய்விடும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். 2003இல் எங்கள் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வொஸ் இலங்கைக் கடலில் நீலத் திமிங்கலங்களுக்குப் பக்கத்தில் செந்நிறமாக மிதந்த எச்சத்தைக் கண்டார். எச்சம் இருந்தால் சாப்பாடும் இங்கேதானே நடந்திருக்க வேண்டும்? உலகத்தின் மிகப் பெரிய விலங்கு எங்கள் கடலில் சின்னஞ்சிறு இறாலைத் தின்று வயிறு நிரப்புகிறது என்பது பின்னால் உறுதியானது.

இதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்க, பையன் ஒரே வரியில் முடித்தான்: "அது சாப்பிட வந்திருக்குது பிள்ளை. நீ சாப்பிடேக்க துள்ளுவியா?"

அவள் அதை ஏற்றுக்கொண்டாளோ தெரியாது. ஆனால் எண்ணத் தொடங்கினாள். பையன்தான் சொல்லிக் கொடுத்தான்: நாலைந்து மூச்சு, பிறகு முதுகு வழமையை விட வளையும், பிறகு வால். ஐந்தாவது மூச்சுக்குப் பிறகு முதுகு வளைந்தது. வால் மெதுவாக எழும்பி, நீர் வழிய வழிய நின்று, சத்தமில்லாமல் உள்ளே போனது. மேலே எண்ணெய் ஊற்றினது போல ஒரு வழுவழுப்பான வட்டம் மட்டும் மிச்சம். கீழே போகும்போது அதன் இதயம் எவ்வளவு மெதுவாகிறது தெரியுமா? 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காகக் கலிபோர்னியாவில் ஒரு நீலத் திமிங்கலத்தில் கருவி ஒட்டி அளந்தார்கள். ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை இறங்கியது. மேலே நாங்கள் "போயிட்டுது, போயிட்டுது" என்று குழம்பிக்கொண்டிருக்க, கீழே அது அரை நிமிடத்துக்கு ஒரு துடிப்போடு இருந்திருக்கும்.

எல்லாப் பயணமும் இப்படி இருப்பதில்லை. அதற்கு முந்திய வருடம் வேறொரு படகில் போனேன். யாருடையது என்று சொல்ல மாட்டேன். ஒரு திமிங்கலத்தைச் சுற்றி ஏழு படகு. ஊதிய இடத்துக்கு எல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்தன. எங்கள் படகில் இருந்த ஒருவர், "காசு குடுத்தனாங்கள், கிட்டப் போ" என்று விடாமல் நச்சரித்தார். இரண்டு மூச்சோடு திமிங்கலம் தாழ்ந்துவிட்டது. சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலால் ஏழு மோட்டார்சைக்கிள் ஓடினால் யார் இருப்பார்? 100 மீற்றருக்குள் போகக்கூடாது என்று எங்கள் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. சட்டத்தை மீறச் சொல்லிக் கேட்பவர் பெரும்பாலும் படகோட்டி இல்லை, காசு கொடுத்தவர். ஏறுவதற்கு முன்னாலேயே "துரத்த வேண்டாம், நிண்டு பார்ப்பம்" என்று சொல்லிப் பாருங்கள், படகோட்டியின் முகம் மாறும். எரிபொருளும் மிச்சம்.

கூன்முதுகு எங்கள் பக்கமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரபிக்கடலில் துருவம் போகாத தனிக் கூட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஓமான் கரையில் நூறு கூட இல்லை. அதில் லுபான் என்ற பெண் திமிங்கலத்துக்கு 2017 நவம்பரில் செய்மதிக் கருவி பொருத்தினார்கள். லுபான் என்றால் அரபியில் குந்துருக்கம். அது கடலைக் கடந்து எங்கே வந்து நின்றது தெரியுமா? மன்னார் வளைகுடாவில்.

அன்றைக்குப் பின்னேரம் எல்லோரும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து வெளியே வந்தால் பிள்ளையைக் காணோம். தங்கை பதறிப்போனாள். தேடிப் பார்த்தால் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்து மதிலில் நாடியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு ஒரு அம்மா.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?" என்று அந்த அம்மா கேட்கிறா.

"பேசாதீங்கோ," என்கிறாள் இவள், "மூண்டு ஆயிட்டுது."