மனப்பாடம் தோற்கும் இடம்

(அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, முதுகலை ஆசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். நீங்கள் திருத்திக்கொண்டே கேட்கலாம், எனக்கு வருத்தமில்லை.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி எதற்கு என்று இங்கே வரும் வழியிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பொறியியல் கலந்தாய்வில் யாரும் பிள்ளையை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதில்லை. குரூப் 4 தேர்வில் நேர்முகம் கிடையாது. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் நம் பிள்ளைகள் பதினேழு வயதிலேயே அந்த நாற்காலியில் போய் உட்காரத்தான் செய்கிறார்கள். எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாக எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகள் இந்த வயதுப் பெண்களைத் தேடி வருகின்றன. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு எழுத்துத் தேர்வை அடுத்து நேர்காணலும் உண்டு. ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று என்.டி.ஏ. என்னும் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வை எழுதும் பிள்ளையைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

ஒரு பள்ளியில் மாதிரி நேர்முகம் நடத்தினோம். முதல் மாணவி வந்தாள். “உன்னைப் பற்றிச் சொல்” என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: “மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ். மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க். மை வீக்னெஸ் இஸ் ஐ டிரஸ்ட் எவ்ரிபடி.” அடுத்து வந்த பையனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனுக்கும் பலவீனம், எல்லோரையும் நம்பிவிடுவதுதான். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பலவீனத்தோடு இருக்க முடியுமா? யாரோ நல்லெண்ணத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள், இவர்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அதே மாணவியைத் திரும்ப அழைத்து, “கடைசியாகப் படித்த புத்தகம் எது?” என்று கேட்டேன். பதிலே வரவில்லை. முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது என்னவோ இரண்டாவது கேள்வியில்தான்.

சரி, அதை விடு, காலையில் பள்ளிக்கு வருவதற்கு முன் என்ன செய்வாய் என்றேன். தயங்கித்தான் சொன்னாள், அதுவும் தமிழில். அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். மாவு அரைப்பது முதல் நாள் சாயங்காலம் இவள் வேலை. நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. மழை நாளில் மாவு புளிக்கச் சுணங்கும் என்பதால் அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அரைத்துவிடுவாள். கடன் நோட்டும் இவளிடம்தான். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை கூலி வாங்கியதும் பாக்கியைக் கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் இரண்டு வாரமாக அந்தப் பக்கமே வரவில்லை. “என்ன செய்தாய்?” என்றேன். “அவர் வீட்டுக்குப் போய்ப் பாக்கி கேட்டால் அப்புறம் கடைக்கே வர மாட்டார் சார். வழியில் பார்த்தபோது, ‘அம்மா உங்களைக் கேட்டார்கள், சாப்பிட வரவே இல்லையே’ என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வந்து பாதிப் பணம் கொடுத்தார்” என்றாள்.

சரக்குக் கணக்கு, நேரத் திட்டம், வாடிக்கையாளரை இழக்காமல் கடனை வசூலிப்பது. இந்தக் கதையைக் கேட்டால் எந்தத் தேர்வுக் குழுவும் நிமிர்ந்து உட்காரும். இவளோ அதைச் சொல்லக் கூசினாள். கடை வேலை என்பது மறைக்க வேண்டிய ஒன்று, ரீடிங் புக்ஸ் என்பதுதான் சொல்ல வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்ததில் நம் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்திருக்கும் வேலையை அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். ரேஷன் கடை வரிசை, பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, ஊர்த் திருவிழாவில் வரவுசெலவு பார்த்தது என்று எல்லாப் பிள்ளையிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய், பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே போனால் போதும். ‘ஏன்’ என்று கேட்கும்போதுதான் பிள்ளை திணறும். வகுப்பில் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதே குறைவு, அதனால் அவர்களுக்குப் பழக்கமில்லை.

இதில் நான் கண்ட நல்ல வழி ஒன்று உண்டு. மாணவர்களையே தேர்வுக் குழுவில் உட்காரவையுங்கள். மூன்று பேர் மேசைக்குப் பின்னால், ஒருவர் முன்னால். அந்தப் பக்கம் உட்கார்ந்து ஐந்தாவது ‘ஹார்ட் வொர்க்’கைக் கேட்கும்போது அவர்களுக்கே கொட்டாவி வரும். நான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் புரியாதது அந்த ஒரு கொட்டாவியில் புரிந்துவிடும். அடுத்த முறை அவர்களுடைய பதில் மாறியிருக்கும்.

இப்போது என்.டி.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் எழுத வேண்டிய தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதை அடுத்து வரும் எஸ்.எஸ்.பி., அதாவது உளவியல் தேர்வு, குழுப் பணி, நேர்காணல் எல்லாம் சேர்ந்த ராணுவ அதிகாரித் தேர்வுக்கும் 900. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பிறகு பெண்களும் சேர்கிறார்கள். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். உங்கள் பள்ளியில் கணக்கில் கெட்டியான பெண் பிள்ளை யாராவது இருந்தால் இந்தச் செய்தியை அவள் காதில் போட்டுவையுங்கள்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். நம் கோயம்புத்தூரிலேயே ஒரு மையம் இருக்கிறது. உளவியல் தேர்வில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒரு சொல்லுக்கு 15 விநாடி. அதற்குள் மனத்தில் தோன்றியதை வாக்கியமாக எழுத வேண்டும். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் திரை. நேர்காணல் செய்யும் அதிகாரியிடம் பிள்ளை நிரப்பிக் கொடுத்த தன்விவரப் படிவம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண்கள், பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், நண்பர்கள் யார், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று ஏழெட்டுக் கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, ‘சரி, சொல்’ என்பார். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். பொழுதுபோக்கு சதுரங்கம் என்று படிவத்தில் எழுதியிருந்தால், கடைசியாக யாரோடு ஆடினாய், எப்படித் தோற்றாய் என்று தோண்டுவார்.

உளவியலாளர், குழுப் பணிகளைக் கவனிப்பவர், நேர்காணல் அதிகாரி என்று மூன்று பேர் தனித்தனியாக எடைபோட்டுக் கடைசி நாளில் கூடிப் பேசுவார்கள். மனம், மொழி, மெய் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்பதே அங்கே பார்க்கப்படுவது. எழுத்தில் வீரனாகவும் மைதானத்தில் ஒதுங்கி நிற்பவனாகவும் இருந்தால் சாயம் வெளுத்துவிடும். பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாங்கிய பதில்கள் 15 விநாடிக்கு முன்னால் நிற்பதில்லை. நாளிதழ் படிப்பது, மைதானத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து விளையாடுவது, மூன்று நிமிடம் ஒரு தலைப்பில் நின்று பேசுவது ஆகியவற்றைப் பிளஸ் ஒன் முதலே பழக்கினால் அதுவே தயாரிப்பு.

ஆங்கிலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை முதலில் தன் கதையைத் தமிழில் தடையின்றிச் சொல்லட்டும். பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லட்டும். தமிழில் சொல்ல எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஆங்கில வகுப்பு எடுத்துப் பயனில்லை. நடுவில் சொல் கிடைக்காவிட்டால், தமிழில் சொல்லலாமா என்று அனுமதி கேட்கப் பழக்குங்கள். தெரியாத கேள்விக்கு ‘தெரியவில்லை’ என்று சொல்வதையும் பழக்க வேண்டும். நம் வகுப்பறையில் அதைச் சொன்ன பிள்ளை நின்றுகொண்டே இருக்க வேண்டியிருப்பதால், வெளியே போயும் அதைச் சொல்லப் பயப்படுகிறது.

உடைக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். துவைத்துத் தேய்த்த சட்டை போதும், இரவல் ஷூ காலைக் கடிக்கும். சான்றிதழ்களில்தான் கவனம் வேண்டும். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால், தேர்வான பிறகும் பிள்ளை அலைய வேண்டும். பிளஸ் ஒன் சேரும்போதே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள். தொழிற்சாலை வேலை என்றால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், விடுதி எங்கே, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா என்று பிள்ளையும் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெற்றோர்கள் நினைக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அழுவதைவிட முன்னால் கேட்பது நல்லது.

இவ்வளவும் சொன்னாலும், நேர்முகத் தேர்வு நியாயமான தராசு என்று நான் சொல்ல மாட்டேன். நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் எம்.பி.பி.எஸ். இடங்களுக்கே நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் வைத்திருந்தார்கள். 1970இல் உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கு அதைப் பற்றியதுதான். பத்தாண்டு கழித்து ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மீதான அஜய் ஹாசியா வழக்கு. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான் ஒதுக்கினார்கள், அப்பா யார், வீடு எங்கே என்றுதான் கேட்டார்கள் என்று மனுதாரர்கள் முறையிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது நீதிமன்றம். கேள்வி பதிலை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அப்பா யார், வீடு எங்கே என்ற கேள்விகளில் எத்தனை பிள்ளைகள் கழித்துக்கட்டப்பட்டார்கள் என்பது இந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே தேர்வாகாமல் திரும்பி வரும் பிள்ளையிடம் ‘நீ சரியாகப் பேசியிருக்க மாட்டாய்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

‘கிடைத்ததா?’ என்றும் கேட்க வேண்டாம். என்னென்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். அதை ஒரு நோட்டில், எந்த நிறுவனம், எந்த மாதம், என்ன கேள்வி என்று அவனையே எழுதவைத்து நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கடையில் கிடைக்காது.

இன்னொரு வேலை இன்றைக்கே முடியும். சொந்த ஆசிரியர் முன்னால் பிள்ளைக்கு நடுக்கம் வராது, நடுக்கம் வராமல் பயிற்சியும் இல்லை. அதனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாறி மாறிப் போய் மாதிரி நேர்முகம் நடத்த வேண்டும். யார் எந்தப் பள்ளிக்கு, எந்தச் சனிக்கிழமை என்ற பட்டியலுக்கான தாள் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் முன் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். விடைத்தாள் திருத்தும் நண்பர்களும்தான்.