தலையைக் கொஞ்சம் தூக்கும்மா: கேமரா கண்டுபிடிச்சதைத் திரையில தமிழ்ல எழுதுறது

[திரை: தையல் மெஷின் முன்னாடி அம்மா. இடது பக்கம் வச்ச லேப்டாப் கேமராவுல தெரியுற காட்சி. காதுலயும் தோள்லயும் பச்சைப் புள்ளி.]

எங்க அம்மா மெஷின்ல உட்கார்ந்தா கழுத்து தானா முன்னாடி சாஞ்சிடும். சாயும்போது லேப்டாப் சொல்லணும், அதுவும் தமிழ்ல சொல்லணும். அதுக்காக எழுதின பைத்தான் புரோகிராம் இது.

படத்துல உடம்பைக் கண்டுபிடிக்கிறது மீடியாபைப்ங்கிற நூலகம், அதாவது எடுத்துப் பயன்படுத்துற ரெடிமேட் புரோகிராம். அது உடம்புல 33 இடத்துக்கு எண் போட்ட புள்ளி கொடுக்கும். நமக்கு ரெண்டு போதும்: 7 இடது காது, 11 இடது தோள். தோள்ல இருந்து காதுக்கு ஒரு கோடு. அது செங்குத்துல இருந்து எத்தனை டிகிரி சாயுதுன்னு பார்க்கணும். புள்ளிகள் 0-க்கும் 1-க்கும் நடுவுல வரும். முதல்ல படத்தோட அகலத்தாலயும் உயரத்தாலயும் பெருக்கிடுங்க, இல்லன்னா கோணமே தப்பா வரும்.

[திரை: வீடியோ மேல வரிசையா கேள்விக்குறிகள்.]

இப்ப எழுத்து. கேமராப் படத்தைக் கையாளுற ஓபன்சிவி 4 நூலகத்துல, படத்து மேல எழுதுற கட்டளை 'புட்டெக்ஸ்ட்'. அதுக்குத் தமிழ் கொடுத்தா இப்படித்தான் வரும். அது பயன்படுத்துறது ஹெர்ஷி எழுத்துரு. 1967 வாக்குல அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்துல, கோடு கோடா வரையுறதுக்காக உருவாக்கினது. அதுல தமிழ் கிடையாது.

அதனால பில்லோங்கிற இன்னொரு பைத்தான் பட நூலகத்துக்குப் போறோம். தமிழ் எழுத்துரு ஃபைலைக் கொடுத்தா எழுதும். ஆனா 'தலையை' எப்படி வந்திருக்குன்னு பாருங்க. 'ல'வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு பின்னாடி நிக்குது. எழுத்துகளைச் சரியான இடத்துல அடுக்குற ராக்ம் நூலகம் இல்லாத பில்லோ, எழுத்துகளைச் சேமிச்ச வரிசையிலேயே அடுக்கிடும். ராக்ம் இருந்தாத்தான் கொம்பு தன் இடத்துக்கு வரும். இதை விட்டுடாதீங்க. கொம்பு மாறின தமிழை அம்மா கண்ணு முன்னாடி வைக்க எனக்கு மனசு வரல.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவோட ஒவ்வொரு தனிப் படத்துக்கும், புதுசா எழுத வேண்டாம். வாசகத்தை ஒரே ஒரு தடவை கறுப்புப் பட்டை மேல வரைஞ்சு, சின்னப் படமா வச்சுக்கிட்டு, தேவைப்படும்போது ஃபிரேம்ல ஒட்டினா போதும். கண்ணாடி மாதிரி காட்டணும்னா படத்தை முதல்ல திருப்பிட்டு அப்புறம் ஒட்டுங்க.

[திரை: எழுத்து படபடன்னு வந்து வந்து மறையுது.]

இதுதான் என்னை ரொம்பப் படுத்தினது. 25 டிகிரி தாண்டினா எழுதுன்னு வச்சேன். அம்மா 25 கிட்டயே இருந்தா, வினாடிக்கு 30 ஃபிரேம்ல எழுத்து மின்னுது. பார்க்கிறவங்களுக்கு எரிச்சல்தான் வரும். அதனால ரெண்டு எல்லை வச்சேன். 25-க்கு மேல 3 வினாடி தொடர்ந்து இருந்தா எழுத்து வரும். 20-க்குக் கீழ இறங்கினாத்தான் போகும். அந்த 3 வினாடியைக் கடிகாரத்தை வச்சு அளங்க. ஃபிரேமை எண்ணினா மெதுவான லேப்டாப்ல கணக்கு மாறிடும். இந்த எண்கள் எங்க அம்மாவுக்கு. அவங்க வசதியா உட்கார்ந்தப்பவே 15 கிட்ட வந்துச்சு. உங்க வீட்டுல முதல்ல அளந்து பாருங்க.

ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நல்லா தெரியுதுன்னு மீடியாபைப் 0-ல இருந்து 1 வரைக்கும் ஒரு மதிப்பு கொடுக்கும். காதுப் புள்ளிக்கு அது 0.5-க்குக் கீழ போனா எதுவும் எழுதாதீங்க. துணி மறைச்சதுக்கு அவங்களைத் திருத்தக் கூடாது.

[திரை: அம்மா தலையைத் தூக்கித் திரும்புறாங்க. திரை காலியா இருக்கு.]

அம்மாகிட்ட கொடுத்தப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சது. எழுத்து வந்ததும், "என்னடா வந்துச்சு?"ன்னு நிமிர்ந்து பார்க்கிறாங்க. நிமிர்ந்ததும் கோணம் 20-க்குக் கீழ போயிடுது, படிக்கிறதுக்குள்ள எழுத்தும் போயிடுது. இப்ப நிமிர்ந்த பிறகும் 2 வினாடி நிக்க விடுறேன்.

[திரை: "தலையைக் கொஞ்சம் தூக்கும்மா". அம்மா படிச்சுட்டு மறுபடியும் மெஷினை மிதிக்கிறாங்க.]