பந்தியில் முதலில் எழுவது யார்?

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கூட்டம் பற்றிய தகவல் உங்களில் யாருக்கெல்லாம் வாட்ஸ்அப் இல்லாமல் வேறு வழியில் வந்தது? கை தூக்குங்கள் பார்ப்போம். நாலைந்து பேர். சரி, அதிலும் இரண்டு பேர் அமைப்பாளர்கள்.

இப்படி ஒரு செயலியை விட்டு நம்மால் ஏன் கிளம்ப முடியவில்லை, வேறு சில சமூக ஊடகத் தளங்களை விட்டு எப்படிக் கூண்டோடு கிளம்பினோம் என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆர்குட் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். கூகுளில் வேலை பார்த்த ஒரு துருக்கிப் பொறியாளரின் பெயர் அது. அவர் பெயரிலேயே அந்த நட்புத் தளத்தை 2004 ஜனவரியில் தொடங்கினார்கள். அமெரிக்காவில் எடுபடவில்லை, பிரேசிலும் இந்தியாவும்தான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடின. நண்பர் பக்கத்தில் ‘ஸ்க்ராப்’ என்று குறுஞ்செய்தி எழுதுவது, நம்மைப் புகழ்ந்து ‘டெஸ்டிமோனியல்’ எழுதச் சொல்லி நச்சரிப்பது, நம் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்று துழாவுவது என்று எத்தனையோ மாலைகள் அதில் போயின. 2010 வாக்கில் இங்கே ஃபேஸ்புக் அதை முந்தியது. 2014 செப்டம்பர் 30 அன்று கடையைச் சாத்தினார்கள்.

“ஃபேஸ்புக் நன்றாக இருந்தது, அங்கே போனோம்” என்பார்கள். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை கிடையாது. 2011இல் வந்த கூகுள் பிளஸும் நன்றாகத்தான் இருந்தது. எதை யாருக்குக் காட்டுவது என்று வட்டம் வட்டமாகப் பிரித்து வைக்க முடிந்தது. போய்ப் பார்த்தோம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, திரும்பிவிட்டோம். 2019இல் அதையும் மூடினார்கள்.

இதற்கு நல்ல விளக்கம் ஃபிரண்ட்ஸ்டரின் சாவில் கிடைக்கிறது. 2002இல் தொடங்கி, பிற்பாடு பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா பக்கம் கோடிக்கணக்கானவர்கள் இருந்த தளம். 2011இல் நட்புத் தளமாக இருப்பதையே விட்டுவிட்டு விளையாட்டுத் தளமாக மாறியது. சூரிச்சில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் அதற்குப் ‘பிரேதப் பரிசோதனை’ என்றே பெயர் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்தம் எத்தனை பேர், சராசரியாக ஒருவருக்கு எத்தனை நண்பர்கள் என்ற கணக்கெல்லாம் ஒரு தளத்தைக் காப்பாற்றாது என்பது அவர்கள் கண்டது. நண்பர்கள் குறைவாக உள்ளவர் முதலில் போகிறார். அவர் போனதால் அடுத்தவருக்கு ஒரு நண்பர் குறைகிறார். அவருக்கும் இனி அங்கே வேலையில்லை. ஓரத்தில் தொடங்கும் அரிப்பு நடுவரை வந்துவிடுகிறது.

கல்யாணப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். மோர்ச்சோறு முடிந்தாலும் உடனே யாரும் எழுவதில்லை, பக்கத்து இலையைப் பார்ப்போம். அங்கங்கே இரண்டு பேர் இலையை மடித்தால் போதும், அப்புறம் வரிசையே காலி.

முதல் இரண்டு பேரை எழுப்பிவிடுவது பெரும்பாலும் தளத்தை நடத்துபவர்கள்தான். மைஸ்பேஸ் என்ற இன்னொரு நட்புத் தளத்தை 2005இல் ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப் 58 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே கூகுளுடன் 90 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம். இத்தனை பேர் வந்து பார்த்தாக வேண்டும் என்று அதில் நிபந்தனை. விளைவு, பக்கம் முழுக்க விளம்பரம். 2011இல் சுமார் மூன்றரைக் கோடி டாலருக்கு அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் எரிச்சல் மட்டும் யாரையும் கிளப்பிவிடாது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமை விதிகள் வந்தபோது எத்தனை கோபம்! அதற்குப் போட்டியான சிக்னல் செயலியை எத்தனை பேர் இறக்கினோம்! ஆனால் வாட்ஸ்அப்பை யார் அழித்தார்கள்? பள்ளிக்கூடக் குழு, குடியிருப்புக் குழு, சித்தப்பா அனுப்பும் காலை வணக்கம் எல்லாம் அங்கேயே இருந்தன. அந்த ஆண்டு நம்மூர் மென்பொருள் நிறுவனம் சோஹோ வெளியிட்ட ‘அரட்டை’ என்ற செய்திச் செயலியை 2025 செப்டம்பரில் நாடே இறக்கியது. உங்கள் தெருவின் தண்ணீர் லாரித் தகவல் இன்று எதில் வருகிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்குத் தங்கள் பூட்டு எது என்று நன்றாகத் தெரியும். 2010 நவம்பரில் கூகுள், ஜிமெயில் முகவரிப் பட்டியலை ஃபேஸ்புக் எடுத்துக்கொள்வதைத் தடுத்தது. ‘எங்களிடம் எடுக்கிறாய், உன்னிடமிருந்து எடுக்க விடுவதில்லை’ என்பது புகார். நண்பர்களின் பட்டியலுக்குத்தான் அந்தச் சண்டை. 2011இல் நமக்குச் செல்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை வந்தது. எண் நம்மோடு வந்தது, கூப்பிடுபவர்களும் வந்தார்கள். சமூக ஊடகத்தில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி, வேறு செயலியில் இருப்பவரோடும் பேச வாட்ஸ்அப் வழிவிட வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கடமை இருக்கிறது. ஆனால் அது அங்கே மட்டும்தான்.

செய்திச் செயலிகளும் யு.பி.ஐ. போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்கிறார் சோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. நியாயமான பேச்சு, வரவேற்கிறேன். ஆனால் அவர் இப்போது வெளியே நிற்பவர். அரட்டையில் ஐம்பது கோடிப் பேர் சேர்ந்த பிறகும் இதையே சொன்னால், அன்றைக்கு நம்புகிறேன்.