கண்ணாடிக்குள் போனால் முகம் மாறும்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கரண்ட் இல்லை, லைட் மங்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி 'தி இமாஜினேரியம் ஆஃப் டாக்டர் பர்னாசஸ்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். டெர்ரி கில்லியம் இயக்கி 2009இல் வந்தது. லண்டன் தெருவில் குதிரை இழுக்கும் ஓர் ஓட்டை வண்டி. பக்கப் பலகையைத் திறந்தால் அதுவே நாடக மேடை. மேடையில் ஒரு கண்ணாடி, அதற்குள் நுழைந்தால் அவரவர் கற்பனைக்குள்ளேயே போய்விடலாம்.

இதில் டோனியாக நடித்த ஹீத் லெட்ஜர், 2008 ஜனவரியில், படம் பாதியில் இருக்கும்போதே இறந்துபோனார். லண்டன் தெருக் காட்சிகள் முடிந்திருந்தன. கண்ணாடிக்கு உள்ளே நடப்பவைதான் பாக்கி. அங்கே டோனியாக ஜானி டெப், ஜூட் லா, காலின் ஃபாரல் மூன்று பேரும் வந்தார்கள்.

பார்க்கிற நமக்கு இது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியவேண்டும், இல்லையா? தெரியவில்லை. ஏனென்றால் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு குடிகாரன் கண்ணாடிக்குள் விழுகிறான், அவன் முகம் வேறு ஆளாக மாறிவிடுகிறது. உள்ளே போனால் முகம் மாறும் என்று அப்போதே நம் மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் அதே வெள்ளை சூட்டில் டெப் வந்து நின்றால் நாம் ஏன் கேள்வி கேட்கப்போகிறோம்? அதுவுமில்லாமல் டோனி ஒரு புரட்டுக்காரன். அவனுக்கு நாலு முகம் இருப்பதுதான் சரி!

உள்ளே இருக்கிற உலகத்தைப் பாருங்கள். ஆளை விடப் பெரிய பூக்கள், மேகத்துக்குள் ஏறிப்போகும் ஏணிகள். ஜூட் லா அந்த ஏணிக் கால்களிலேயே நடப்பார்! நிஜம் போலக் காட்ட கில்லியம் மெனக்கெடவே இல்லை. மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவில் படங்களைக் கத்தரித்து ஒட்டி அனிமேஷன் செய்தவர், அந்தக் கத்தரிக்கோல் இன்னும் கையில்தான் இருக்கிறது. கலை இயக்கத்துக்கும் உடைகளுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

எனக்குப் பிடித்த ஆள் யார் தெரியுமா? டாம் வெயிட்ஸ். சாத்தான் வேடம். தொப்பியும் மெல்லிய மீசையுமாக, சீட்டாட வந்த பழைய நண்பர் மாதிரி, அந்த வண்டி நாடகத்தை நடத்தும் பர்னாசஸிடம் பந்தயம் கட்டுவார். பர்னாசஸாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மரும் அவரும் பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

கடைசி அரை மணி நேரம் குழப்பம்தான், மறைக்கமாட்டேன். மூன்று தடவை பார்த்தும் அந்தப் பந்தயக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அந்த மூன்று நடிகர்களும் தங்கள் சம்பளத்தை லெட்ஜரின் மகளுக்கே கொடுத்துவிட்டார்கள். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். இயக்குநர் பெயர் வரவேண்டிய இடத்தில், இது ஹீத் லெட்ஜரும் நண்பர்களும் தரும் படம் என்று போடுவார்கள்.