மைக் செட்டின் சாவி யாரிடம்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஊர் மக்களையே முன்னின்று நடத்தப் பழக்குவது எப்படி என்று பேசச் சொல்லி, பதினைந்து நிமிடம்தான் என்றும் சொல்லி, இந்தக் கண்ணாடி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோர ஊர்களில் பயிற்சி வகுப்பு நடத்தியே தலை நரைத்தவள் நான். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், "டீச்சர் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில மைக் செட்டுக்கு வந்துடுவாங்க" என்று சிரிப்பார்கள். கடைசி வரை எதற்கு? அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் போகிற வழியில் கடற்கரையோரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் நமக்குக் கிடைத்தும் கிடைக்காத நேரம். இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்றைக்குச் சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது; ஐதராபாத் மையம் வந்தது 2007-இல்தான். நல்லவாட்டுப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுகிறார். இங்கே தண்ணீர் ஏற்கெனவே வாசலுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. "எல்லாரும் ஓடுங்க, ஊர்ல சொல்லுங்க" என்கிறார்.

ஊரில் சொல்வது என்றால் எப்படிச் சொல்வது? மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒருத்தர் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பார், ஒருத்தர் மீன் விற்கப் போயிருப்பார், பிள்ளைகள் மணலில் ஆடிக்கொண்டிருக்கும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினால் பத்து வீடு தட்டுவதற்குள் அலை வந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு கிராம அறிவு மையம் இருந்தது. 1998 முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் தொடங்கிய மையங்களில் ஒன்று. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, கூரை மேல் ஒலிபெருக்கிக் குழாய். அன்றைக்கு மையம் பூட்டியிருந்தது. சிலர் போய்க் கதவை உடைத்தார்கள். மைக்கைப் போட்டார்கள். ஊர் மேட்டுப் பக்கம் ஓடியது. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஊருக்குள் ஒரு உயிரும் போகவில்லை என்றுதான் அப்போது வந்த செய்திகள் சொல்லின.

இந்தக் கதையை நான் சொல்லாத வகுப்பே கிடையாது. சொல்லி முடித்ததும் பயிற்சிக்கு வந்தவர்கள் சிங்கப்பூர் போனைப் பற்றியே பேசுவார்கள். போன் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு எப்போதும் உறுத்துகிற கேள்வி வேறு. மைக்கில் யாரோ 'ஓடுங்க' என்றதும் ஊர் ஏன் ஓடியது? வெயில் அடிக்கிற காலையில், குழாயில் ஒரு குரல் கத்தினால் நீங்களும் நானும் ஓடுவோமா? "யாரோ குடிச்சிட்டு மைக்கைப் பிடிச்சிட்டான்" என்று தானே சொல்வோம்?

அந்தக் குழாய் அந்த ஊர்ப் பக்கத்தில் தினமும் பேசிக்கொண்டிருந்தது என்பதுதான் விடை. புதுச்சேரிப் பக்கத்து மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் முதலில் தொடங்கிய வழக்கம் இது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் வரும். மையத்தில் இருக்கும் பெண்கள் அதை எடுத்து, தமிழில் எழுதி, குழாயில் படிப்பார்கள். இன்றைக்கு அலை இத்தனை அடி, காற்று இந்தப் பக்கம். அதோடு மீன் விலை, அரசு மருத்துவமனையில் எந்த டாக்டர் என்றைக்கு வருகிறார், ரேஷனில் மண்ணெண்ணெய் எப்போது. சாதாரணச் செய்திகள். ஆனால் அலை ஆறடி என்று குழாய் சொன்ன அன்று கடலில் அலை ஆறடி இருந்தது. நாள்தோறும் அந்தக் குரலைச் சரிபார்த்துப் பார்த்து, ஊர் அதை நம்பப் பழகியிருந்தது. அதனால்தான் அன்றைக்கு ஓடினார்கள்.

சுனாமிக்கும் காலநிலைக்கும் சம்பந்தம் இல்லையே என்று நினைப்பீர்கள். இல்லைதான். அது பூமிக்குள் நடப்பது. ஆனால் புயல் வந்தாலும், ஆறு உடைத்துக்கொண்டாலும், கடல் ஊருக்குள் ஏறினாலும், சனம் கேட்டு ஓடப்போவது அதே குரலைத்தான்.

ஆகவே பயிற்சி என்றால் எனக்கு முதலில் இதுதான்: ஒரு வேலையைத் தினமும் செய்யப் பழக்குவது. பேரிடர் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையை, ஒன்றும் நடக்காத நாட்களிலும் செய்ய வைப்பது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பெரிய பெரிய தாளில் பூமி உருண்டை படம், கரியமில வாயு, எத்தனை டிகிரி ஏறப் போகிறது என்றெல்லாம் பாடம் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "டிகிரியெல்லாம் இருக்கட்டும் டீச்சர். நாளைக்கு விடியக்காலம் கடலுக்குப் பாடு போலாமா, வேணாமா?" அந்தப் பெரியவருக்குக் காற்றுகளில் வாடை தெரியும், கொண்டல் தெரியும், கச்சான் தெரியும். நீரோட்டம் மாறியதைக் கயிற்றைப் பிடித்தே சொல்லிவிடுவார். காற்று முன்போல் காலம் தவறாமல் வருவதில்லை என்று எனக்குச் சொன்னதே அவர்தான். அவருக்குத் தேவை நாளைக்கான பதில். நாளைக்கான பதிலை ஒழுங்காகக் கொடுத்துவந்தால், இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்ற பேச்சை அவரே தொடங்குவார்.

சரி, யாரைப் பயிற்றுவிப்பது? இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டால் படித்த பையன்கள் நாலு பேரை அனுப்புவார்கள். நல்ல பையன்கள். மத்திய அரசின் பேரிடர்த் தொண்டர் திட்டமான ஆப்த மித்ராவில் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்து, லைஃப் ஜாக்கெட், டார்ச், முதலுதவிப் பெட்டி எல்லாம் கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் சான்றிதழ் வாங்கின பையன் அடுத்த வருடம் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான். பட்டியலில் அவன் பெயர் மட்டும் இருக்கும். நல்லவாட்டுக்குப் போன் செய்ததும் வெளியூர் போன பிள்ளைதானே என்று நீங்கள் மடக்கலாம். நியாயம். போனை எடுக்க ஊரில் ஆள் வேண்டாமா?

நான் தேடுவது, மதியம் இரண்டு மணிக்கும் ஊரில் இருக்கிற ஆளை. மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறவர், இட்லிக் கடை அக்கா, அங்கன்வாடி உதவியாளர். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் மாசமாக இருக்கும் பெண் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். அறிவு மையங்களிலும் பெண்களை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இடத்தை ஊரே கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. புதுச்சேரிப் பக்கத்து எம்பலம் ஊரில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. அதைப் பெண்களே நடத்தினார்கள்.

பிறகு, என்ன கற்றுக்கொடுப்பது? ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கொட்டித் தீர்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அடுத்து டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர். இந்த எண் காதில் விழுந்தால் ஆற்றங்கரைத் தெருவில் படுத்திருப்பவருக்கு என்ன புரியும்? அவருக்குத் தெரிய வேண்டியது, தண்ணீர் மாரியம்மன் கோயில் படியோடு நிற்குமா, பள்ளிக்கூடச் சன்னல் வரை வருமா என்பது.

அதனால் வகுப்புக்கு வருகிறவர்களை ஊரைச் சுற்றி அழைத்துப் போவேன். 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, தானே புயலில் எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்து வழியை அடைத்தது, எல்லாம் வயசானவர்களைக் கேட்டு, ரேஷன் கடைச் சுவரில், மின்கம்பத்தில் பெயின்டால் கோடு போடச் சொல்வேன். அடுத்த மழைக்கு அணையில் எவ்வளவு திறந்தார்கள், கோட்டுக்கு எத்தனை விரல் கீழே நின்றது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். சில மழைக்காலம் தாண்டினால் அந்த நோட்டு அந்த ஊருக்கே சொந்தமான கணக்கு. கனஅடி என்று ரேடியோவில் சொன்னதும், 'நம்ம ஊருக்கு இது ரேஷன் கடைக் கோடு' என்று மைக்கில் சொல்லிவிடலாம்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, மைக் செட் எதற்கு என்று கேட்பார்கள். 2011-இல் தானே, 2018-இல் கஜா. டவர் போய், கரண்டு போய், சார்ஜ் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தவர்களைக் கேளுங்கள். பேட்டரியில் ஓடும் மைக் செட் வேண்டும். அதன் சாவி இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். ஒரு ஊரில் சாவி பஞ்சாயத்துத் தலைவரிடம். அவர் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தார். மழையும் அன்றைக்குத்தான் வந்தது.

இதில் உலகத்துக்கே பாடம் சொன்னவர்கள் நம் அண்டை வீட்டுக்காரர்கள். வங்கதேசத்தில் 1970 நவம்பர் புயலில் செத்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கினார்கள்; அடுத்த ஆண்டே அரசும் கைகோத்தது. தொண்டர்களுக்குக் கொடுத்தது டிரான்சிஸ்டர் ரேடியோ, மெகாபோன், கையால் சுற்றும் சைரன், கொடி. ரேடியோவில் எச்சரிக்கை வந்ததும் சைக்கிளில் போய்க் கத்த வேண்டும். ஒரு கொடியா, இரண்டா, மூன்றா என்று ஏற்ற வேண்டும். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று நம் செய்திகளில் கேட்கிறோம் அல்லவா? அது துறைமுகத்துக்கும் கப்பலுக்கும். இவர்களுடைய கொடி குடிசைகளுக்கு.

அப்படியும் 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் போனார்கள். ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். ஆண் தொண்டர் சந்தையில் நின்று கத்தினால் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு எட்டுமா? எட்டினாலும் வீட்டு ஆண் இல்லாமல் அந்நியர் நிறைந்த கட்டடத்துக்கு எப்படிப் போவாள்? அதற்குப் பிறகு பெண் தொண்டர்களை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். இன்றைக்கு 76,000 பேர் அளவில் தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது அங்கே இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. நல்ல புகலிடக் கட்டடங்களும் முன்னறிவிப்பும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் கதவைத் தட்டியவர்கள் இவர்கள்.

எச்சரிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். காட்டைக் காக்கப் பழக்குவதும் பயிற்சிதான்; அதற்குப் பிச்சாவரம் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே அலையாத்திக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, மொட்டையாக வெட்டுவது வெள்ளைக்காரர் காலத்து முறை, சுதந்திரத்துக்குப் பிறகும் நடந்தது. வெட்டின இடத்தில் தரை உள்வாங்கிப் பள்ளமாகிவிடும். ஏற்றத்தில் வந்த கடல் தண்ணீர் திரும்பப் போகாமல் நின்று, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, ஒரு கன்றுகூடப் பிழைக்காது. 1990-களில் மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்து, கரையில் கன்று நட்டார்கள். படம் போட்டால் ஒரு நொடியில் புரியும். மீன் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வெட்டினவர்களில் இருளர் சமூகத்தார் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்த ஓலைப் பறிக் கூடையில் போடுகிறவர்கள். எந்த வாய்க்காலில் சேறு தங்குகிறது என்று பாதத்தாலேயே சொல்வார்கள். அவர்களுக்குக் காட்டைப் பற்றி நாம் என்ன சொல்லித்தர? வரைபடத்தைப் படிக்கவும், வனத்துறை அதிகாரி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து 'இந்த வாய்க்காலைத் தூர் வாரணும் சார்' என்று பேசவும் பழக்கினால் போதும். வாய்க்கால் தூர்ந்தால் காடு மறுபடி சாகும். வெட்டின வருடத்தோடு வேலை முடிவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். வெயிலைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு எழுதி வந்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் அங்கே வெப்பச் செயல் திட்டம் வந்தது. குடிசைப் பகுதிப் பெண்களே வீடு வீடாகப் போய்த் தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வைத்தார்கள். தமிழக அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது. ஆனால் புயலுக்கு ஆள் இருக்கிற ஊரில் வெயிலுக்கு ஆள் இல்லை. வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பளத்தில் நிற்கும் பெண்களுக்கு, பகல் பதினொன்றுக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம், கூலியில் பிடிக்கக் கூடாது என்று முதலாளியிடம் போய்ப் பேச யாரைப் பழக்குவது? எப்படிப் பழக்குவது? அதற்கு ஒரு சங்கத்துக்காரரும் ஒரு கிராம செவிலியரும் சேர்ந்த குழு... சரி, சரி, முடிக்கச் சொல்கிறார்கள். உப்பளக் கதையை இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.